நான்கு டயர்களும் ஒரு கற்பூரச் சத்தியமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு பனிக்காலங்களைக் கடத்திவிட்டேன். பிள்ளையார் சுழி போட்ட தாள்கள் மட்டும் என் பெட்டியில் ஏழெட்டு இருக்கின்றன. சுழிக்குக் கீழே ஒரு வரிகூட வராது. நான் பத்தாவது வரைதான் படித்தவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். உண்மைக் காரணம் வேறு. எழுத வேண்டியது என் பங்காளியைப் பற்றி. ஒரே கூட்டம், ஒரே குலதெய்வம். அவரைப் பற்றி எழுதினால் என் வீட்டைப் பற்றியே எழுதியதாகும் என்று கை நின்றுவிடும். ஆனால் இந்தக் கதை எனக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஆளுக்கொரு விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில். இங்கே பால் வாங்கக் கடைக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நிறுத்தும் இடத்தில் யாருடைய வண்டி நின்றாலும் அதன் டயரருகே மண்டியிட்டு, பனியைக் கையால் துடைத்து, பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களைப் படிப்பேன். முதல் இரண்டு எண்கள் அந்த டயர் பிறந்த வாரம், அடுத்த இரண்டும் பிறந்த வருடம். போன மாதம் அப்படிப் படித்துவிட்டு எழுந்தபோது வண்டிக்காரப் பெண்மணி பின்னால் பையோடு காத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் பிரார்த்தனையில் இருந்தீர்கள், கலைக்க மனம் வரவில்லை" என்றார். ஒரு விதத்தில் அது பிரார்த்தனைதான். ஒரு முறை படிக்காமல் விட்டதற்கான பிராயச்சித்தம்.

சிங்காநல்லூரில் பதினெட்டு வருடம் டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் வேலை. ரப்பர் நல்லதா என்று பார்க்க எங்களுக்கு மிஷின் கிடையாது, கட்டைவிரல் நகம்தான். அழுத்தினால் நகம் இறங்கக் கூடாது. பெருந்துறை ரோட்டில் சித்திரை வெயிலில் ஓடுகிற லாரிக்கு ரப்பர் கெட்டியாக இருந்தால்தான் தாங்கும். கனடாவுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, இங்கே எல்லாம் தலைகீழ். உறைகுளிரில் கெட்டி ரப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பனியைப் பிடிக்காது, வழுக்கும். நகம் இறங்குகிற ரப்பர்தான் உயிரைக் காப்பாற்றும். பதினெட்டு வருடம் பழக்கிய விரலுக்கு நான் மறுபடி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன்.

என்னை இங்கே கூட்டிவந்தவர் அந்தப் பங்காளி, செல்வராசு அண்ணன். கோபிச்செட்டிபாளையம் பக்கம். இங்கே டயர் கடை வைத்து நன்றாக இருந்தார். அவர் கூப்பிட்டபோது நான் உடனே கிளம்பவில்லை. குலதெய்வக் கோயிலில் பூவாக்குக் கேட்டேன். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தது. அம்மன் சொல்லிவிட்டாள் என்று மனைவி கோமதியையும் மகளையும் அழைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அண்ணனும் எங்களைத் தாங்கினார். முதல் பனிக்காலத்தில் எங்கள் மூவருக்கும் கோட்டு வாங்கிக் கொடுத்தது அவர்தான். அதை மறைத்து எழுதினால் பாவம் சேரும்.

இரண்டாவது வருடம் புரட்டாசி கடைசியில் ரோஜர் கடைக்கு வந்தார். மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். ஒவ்வொரு வருடமும் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்கு மலைக்குள் போகிறவர். கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை. தன்னுடைய பிக்கப் வண்டிக்கு எல்லாத் தரையிலும் ஓடக்கூடிய டயர் வேண்டும் என்றார். "கடைசி நாற்பது கிலோமீட்டருக்குப் போன் எடுக்காது. பனி, சேறு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கூரான கல், எல்லாம் இருக்கும். உன் வண்டியாக இருந்தால் நீ எதைப் போடுவாய்?" என்று என்னிடம் கேட்டார். இந்த நாட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள்.

மூன்று நாள் யோசித்தேன். பத்து அடுக்குப் பலம் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் பக்கவாட்டைக் கிழித்துவிடும். மலைச் சிகரத்துக்குள் பனிப்பூ போட்ட முத்திரை இருக்க வேண்டும். சேறும் பனியும் என்று வெறும் எழுத்து மட்டும் போட்டிருந்தால் போதாது. அந்த எழுத்தை, தரையில் படும் ரப்பர்ப் பட்டைகளின் அமைப்பைப் பார்த்தே போட்டுவிடுவார்கள், முத்திரைதான் பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது. பட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் நிறைய வேண்டும், அவைதான் பனியைக் கவ்வும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரப்பர் இளசாக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்துகிற ஒரு டயரைத் தேடிப் பிடித்து, அதன் படத்தை ரோஜரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னால் சரி" என்றார்.

ஆர்டர் போட்ட டயர் வரவில்லை. வேட்டைப் பருவம் திறக்க நான்கு நாள்தான் இருந்தது. அன்று காலை நான் போனபோது அதே ரகத்தில் நான்கு டயர்கள், பாலிஷ் போட்டுப் பளபளவென்று, வண்டியைத் தூக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றன. டெலிவரி லாரி வந்த தடம் வெளியே பனியில் இல்லை. பழைய சரக்கு கிடக்கும் பின்கட்டுத் தகர ஷெட்டின் கதவு வரை மட்டும் கால்தடம் இருந்தது.

"ஏனுங்ணா, இது இந்த வருசத்துச் சரக்குதானுங்களா?" என்று கேட்டேன்.

"ஏந் தம்பி, உனக்குச் சந்தேகமா?"

"சந்தேகமில்லீங்ணா. அந்த மனுசன் தனியாக் காட்டுக்குள்ள போறாருங்க. அதான்."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "வா இங்க" என்று அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். அங்கே எங்கள் அம்மன் படம் மாட்டியிருக்கும். மேலே புகைமணி அலறாமலிருக்க அதற்குப் பிளாஸ்டிக் குளியல் தொப்பி ஒன்றைப் போட்டு வைத்திருப்பார். தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "ஆத்தா சாட்சியாச் சொல்றேன், இது புதுச் சரக்கு, போதுமா?" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அண்ணா, மன்னிச்சுருங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நான் எப்படி அந்த நான்கு எண்களைப் படிப்பேன்? டயரை ரிம்மில் ஏற்றும்போது எண் இருக்கும் பக்கத்தை உள்ளே வைக்கச் சொன்னார், வெளியே வெள்ளை எழுத்து அழகாகத் தெரியட்டும் என்றார். அப்படியே வைத்தேன். குனிந்து பார்த்தால் போதும், ஒரு நொடி வேலை. ஆனால் பார்த்தால் சந்தேகப்படுவது அண்ணனை அல்ல, ஆத்தாளை. அதனால் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். என் கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் பட்டையை அழுத்தியது. நகம் இறங்கவில்லை. ஷெட்டுக் குளிரில் கிடந்திருக்கும், அதனால்தான் என்று விரலுக்குச் சமாதானம் சொன்னேன்.

புது டயர் என்றால் எலுமிச்சம்பழம் வைக்காமல் எனக்கு மனம் ஆறாது. ரோஜரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். என் காரில் கிடந்த பழங்கள், உறைந்து கல்லாகியிருந்தன. வண்டி ஏறிப் போனது. ஒரு பழமும் நசுங்கவில்லை. பனிக்குள் முழுசாக அழுந்திக் கிடந்தன. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மூன்று வாரம் கழித்து ரோஜர் ஊன்றுகோலோடு வந்தார். மலைச் சரிவில் டயர் பிடிக்காமல் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, அடிக்கட்டையில் மோதி, முன் டயரின் பக்கவாடு காய்ந்த மட்டை மாதிரி பிளந்துவிட்டதாம். ஓடைக்குள் காலை விட்டு, நனைந்த பூட்ஸோடு இரண்டு நாள் நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறார். இடது காலில் குளிரில் உறைந்து செத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அந்தக் கிழிந்த டயரின் துண்டை அறுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான்கு எண்கள். ஏழு வருடப் பழசு. எல்லா வருடமும் கோடை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வெந்த ரப்பர்.

செல்வராசு அண்ணன் அந்தத் துண்டைத் தொடவில்லை. என்னைக் கைகாட்டினார். "டயரைத் தேர்ந்தெடுத்தது இவர். மாட்டியதும் இவர்" என்று ரோஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டும் உண்மை. ரோஜர் என்னைப் பார்த்தார், அன்று "நீ சொன்னால் சரி" என்று பார்த்த அதே பார்வை. பிறகு ஊன்றுகோலை ஊன்றி வெளியே போனார்.

"அண்ணா, கற்பூரத்த அணைச்சீங்களே" என்றேன்.

"தம்பி, கோவிச்சுக்காத. நம்ம ஆத்தாளுக்குன்னு ஒரு எல்லை இருக்குது. பவானி ஆத்துக்கு நம்ம பக்கந்தான் அவ காவல். கடல் தாண்டி அவ வரமாட்டா. இங்க சொன்ன சத்தியம் அங்க கணக்கில்ல. இதெல்லாம் ரோசனை பண்ணாம நீ என்னத்தப் பெருசா சாமி கும்புடற?"

அவர் என்னை ஏமாற்றியதைக்கூடத் தாங்கியிருப்பேன். இந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றி, வெளியே பனி கொட்டும்போது நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? பூவை வலப்பக்கம் தள்ளி என்னை அனுப்பியவள் எல்லைக்கல்லிலேயே நின்றுவிட்டாளா?

வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடி ரோஜரைப் பிடித்தேன். என் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் என்பதை அவருக்குப் புரியவைக்கத் தெரியவில்லை. கற்பூரம், நெருப்பு, கையால் அணைத்தார் என்றேன். "டயர் நெருப்பில் வெந்ததா?" என்று கேட்டார். இல்லை, நான் கடவுளை நம்பி எண்ணைப் பார்க்கவில்லை என்றேன். தன் இடது காலை ஒருமுறை பார்த்தார். "அடுத்த முறை இரண்டையும் செய்" என்றார், அவ்வளவுதான். அன்றோடு அந்தக் கடையில் என் வேலை முடிந்தது.

பத்து நாளில் ஊரிலிருந்து என் அக்கா போன். "ஏந் தம்பி, வெள்ளக்காரனுக்கோசரம் நம்ம பங்காளியக் காட்டிக்குடுத்துப் போட்டயாமா? உன்னக் கூட்டீட்டுப் போயிச் சோறு போட்டவராச்சே!"

"அக்கா, அந்தாளு காலு விரலு போச்சுக்கா."

"போனது அவன் விரலுதான? நீ வெட்டுனது நம்ம கூட்டத்து மூக்கு."

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதி போனை வாங்கி நாத்தனாரிடம் பேசினாள். "ஏனுங் நங்கை, சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னவரு நல்லவரு, பொய்ச் சத்தியத்த நம்புனவரு துரோகிங்களா? உங்கூரு நாயம் நெம்ப நல்லாருக்குதுங்க" என்றாள். அக்கா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பொங்கலுக்குக்கூடப் போன் வருவதில்லை.

இப்போது பக்கத்து ஊரில் லாரி டயர் கடையில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வேட்டைக்குப் போகுமுன் ரோஜர் என் வீட்டுக்கு வண்டியை ஓட்டி வருவார். நான் மண்டியிட்டு நான்கு டயரிலும் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன், அவர் கேட்டுக்கொள்வார். பிறகு எலுமிச்சம்பழம். காலையிலிருந்தே கோட்டுக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துச் சூடாகவே வைத்திருப்பேன். சக்கரம் ஏறும்போது பழம் பட்டென்று வெடிக்கும். வெள்ளைப் பனியில் மஞ்சள் தெறிக்கும். ஆத்தாள் இங்கே வருவாளா மாட்டாளா என்று நான் இனி யாரிடமும் கேட்பதில்லை. அவளுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எண்ணைப் படிக்கக் குனிகிறேன்.

ஊர்க் குலதெய்வக் கோயிலில் பெயர் பொறித்த கல்லில், திருப்பணி செய்த பங்காளிகள் வரிசையில் செல்வராசு அண்ணன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. போன நோம்பித் திருவிழாவுக்கு என் பெயர்மேல் யாரோ சுண்ணாம்பு பூசிவிட்ட படம் மகளின் போனுக்கு வந்தது. அங்கே நான் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறேன். இங்கே என் வாசலில் நசுங்கிய பழம் பனிக்கு அடியில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கோயிலுக்குப் போக நேர்ந்தால் சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டாம், அண்ணன் பெயரையும் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தக் கல்லுக்கு முன்னால் யாராவது இந்தக் கதையை எடுத்தால் மட்டும், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அவர் வாங்கிக் கொடுத்த கோட்டுகளையும் சொல்லுங்கள். சத்தியத்தை அணைத்தது அவர் கை, நகம் இறங்காதது தெரிந்தும் டயரை மாட்டியது என் கை. இரண்டில் ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.