மலிவா ஒரு விபிஎன் இருக்கா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் யாரும் முதலில் தங்களுக்காக எதையும் கேட்பதில்லை; எல்லாம் ‘தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு’த்தான். தென்காசியில் கடை போட்ட புதிதில் ‘விண்டோஸ் போட்டுத் தாங்க, வைரஸ் எடுத்துத் தாங்க’ என்று உரக்கக் கேட்டவர்கள், இப்போது கடைக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்தினாலே எனக்குப் புரிந்துவிடும், விபிஎன்தான். டொரண்டில் படம் இறக்க வேண்டும், இறக்குவது யாரென்று தெரியக் கூடாது, காசும் ஆகக் கூடாது.

நம் இணையப் போக்குவரத்தை வேறு தேசத்துக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிடுவதுதான் விபிஎன், அதனால் நீங்கள் இருக்கும் ஊர் மறையும், செய்கிற காரியம் மாறாது என்று நானும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இதே பிழைப்பில் இருக்கிறவர்களே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்.

ஓசியில் வெளிநாடு

நாலு கடை தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கராஜ் அண்ணாச்சி விலை விசாரித்தார். இருப்பதிலேயே மலிவானதைச் சொன்னேன். “ஓசியிலயே நிறையக் கெடக்குன்னு சொல்லுதாங்களே?” என்றார். ஓசியில் கொடுக்கிறவன் நம் விவரத்தை விற்றுத்தான் சாப்பிடுவான், வேண்டாம் அண்ணாச்சி என்றேன். ஊருக்கே தள்ளுபடி கொடுத்துப் பழகியவருக்கு, தனக்கு மட்டும் தள்ளுபடி மறுக்கப்படுகிறது என்று தோன்றியிருக்க வேண்டும். தானே ஓசியில் ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே போனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தொட்டால் தோசைக்கல். பேங்க் ஆப் திறக்கவில்லை, கணக்கை முடக்கிவிட்டார்கள். லாரி ஆபீசில் சரக்கு வந்து கிடக்கிறது, பணம் அனுப்பினால்தான் இறக்குவார்கள். பேங்குக்குப் போன் போட்டால் எடுத்த பெண், “சார், நீங்க இப்ப நெதர்லாந்துல இருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். “நெல்லையிலகூட இல்லம்மா, தென்காசியிலதான் இருக்கேன்” என்று இவர் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. நான் அந்த ஆப்பை எடுத்துப்போட்டு, போனைச் சுத்தம் செய்து, அவரைக் கையோடு பேங்குக்கு அனுப்பினேன். நேரில் ஆளைப் பார்த்த பிறகுதான் கணக்கைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் சரக்கு இறங்கியது. நன்றி சொல்ல வந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்: “இந்த நெதர்லாந்து விஷயம் எங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாம்மா. திருச்செந்தூருக்கே கூட்டிட்டுப் போகலன்னு அவ ஏற்கனவே கோவத்துல இருக்கா.”

லாக் இல்லாத லாட்ஜ்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி நல்ல சீசனில் வந்தார். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த வாரம் அது. லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் லாட்ஜ் முதலாளி லாட்ஜை விட்டுக் கிளம்பி வருகிறார் என்றால் விஷயம் பெரிது. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. அவருடைய இணைப்பிலிருந்து யாரோ புதுப் படத்தை டொரண்டில் இறக்கியிருக்கிறார்கள். டொரண்டில் வாங்குகிறவர் வாங்கிக்கொண்டே பிறருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே ஊருக்கே படம் விநியோகித்த பெருமை அண்ணாச்சிக்கு. இன்னொரு முறை நடந்தால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். அறை புக்கிங் முழுக்க அதில்தான் வருகிறது.

“குளிக்க வந்தவன் குளிச்சிட்டுப் போகாம என் தலையில தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டாம்மா” என்று உட்கார்ந்தார். விபிஎன் போட்டால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லாட்ஜ் முழுவதற்கும் ஒன்று வேண்டும், விலை மட்டும் பார்த்துப் போடு என்றார். விலையை மட்டும் பார்க்கக் கூடாது அண்ணாச்சி, முதலில் அது ‘நோ லாக்ஸ்’தானா என்று பார்க்க வேண்டும் என்றேன். யார் என்ன பார்த்தார்கள் என்ற பதிவை வைத்துக்கொள்ளாத கம்பெனி என்று பொருள். அதை நான் விளக்குவதற்குள் எழுந்துவிட்டார். “லாக் இல்லாமலா? குடும்பத்தோட வாரவங்க எப்படிம்மா தங்குவாங்க? போன வருஷம் ஒரு தாழ்ப்பாள் ஆடுதுன்னு ஒருத்தன் ஒத்த ஸ்டார் போட்டுட்டுப் போனான்!”

அவரைச் சமாதானப்படுத்தி நானே குற்றாலத்துக்குப் போனேன். விபிஎன் எதுவும் வாங்கவில்லை. விருந்தினருக்குத் தனி வைஃபை ஒதுக்கி, அதில் டொரண்டை அடைத்துவிட்டேன். கிளம்பலாம் என்று பையை மூடும்போது மாடியிலிருந்து ஒருவர் ஈரத் தலையோடு இறங்கி வந்து, “படம் இறங்க மாட்டேங்குதே” என்று ரிசப்ஷனில் சண்டை பிடித்தார். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து யாரென்று தேடிக்கொண்டிருந்த அண்ணாச்சி, அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். “அருவியில தண்ணி இறங்குதுல்லா? அது போதும். போய்க் குளிங்க!”

ஆயுசுக்கும்

ஆயுள் காப்பீடு விற்கும் பேச்சிமுத்து சார் யாரிடமும் ஏமாற மாட்டார். பாலிசியில் சின்ன எழுத்தில் இருப்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். மாதாமாதம் கட்டுவது மடத்தனம் என்று, இணையத்தில் எங்கோ ‘லைஃப்டைம் விபிஎன்’ ஒன்றைப் பிடித்தார். ஒருமுறை கட்டினால் ஆயுசுக்கும் கவலையில்லை. என்னிடம் வந்து பெருமையாகக் காட்டிவிட்டும் போனார்.

அடுத்த பொங்கலுக்குள் அந்தக் கம்பெனியைக் காணோம். தளம் திறக்கவில்லை, மெயில் போட்டால் திரும்பி வருகிறது. லேப்டாப்பை என் மேசையில் வைத்து, திரும்பி வந்த மெயிலைத் திறந்து காட்டினார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுக்குமுன் அவரே சொன்னார்: “தப்பு என் மேலதாம்மா. ஆயுசுக்கும்னு சொன்னான், யாரு ஆயுசுக்குன்னு கேக்காம விட்டுட்டேன்.”

பீரோவில் லேப்டாப்

ராயகிரியிலிருந்து முத்துலட்சுமி என்ற அம்மா தன் மகளையும், சேலையில் சுற்றிய ஒரு லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். அவள் டொரண்ட் என்று போனில் பேசியதைச் சொந்தக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, அது திருட்டு, போலீஸ் வீடு தேடி வரும் என்று பயமுறுத்தியிருக்கிறார். அம்மா லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. அழுது அழுது மகளின் முகம் வீங்கியிருந்தது. “எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, போலீஸ் வராம இருக்க ஏதோ போடலாமாமே, அதப் போடுங்க” என்றார் அம்மா. இந்தத் தொழிலில் ‘எவ்வளவு ஆனாலும்’ என்று நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அவள் இறக்கியிருந்தது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுவது. செய்தவர்களே இலவசமாகக் கொடுத்து, டொரண்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இதில் திருட்டு இல்லை, விபிஎன்னும் தேவையில்லை. வாங்கினவள் அடுத்தவர்களுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அம்மா சற்று யோசித்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். “ஏட்டி, இது உறைமோரு மாதிரின்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் பூட்டி வைக்கப் போறேன்?”

தியேட்டர்காரர்

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டொரண்டினால் கூட்டமே வருவதில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த தியேட்டர் மேனேஜர் ஒருவர், ஒரு மத்தியானம் கடைக்குள் வந்து, புதுப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். பெயர் வேண்டாம், பாவம், பிழைக்கட்டும். “உங்க தியேட்டர்லயே அந்தப் படம் ஓடுதே அண்ணாச்சி?” என்றேன். டூட்டியில் இருக்கிறவனுக்குப் படம் ஏது, ஏசி ஓடுகிறதா, கேன்டீனில் பஃப்ஸ் இருக்கிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது, இன்டர்வெலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது ஒரு படத்திலும் தனக்குத் தெரியாது என்றார்.

எனக்கும் மனசு இளகியது. கொஞ்ச நாள் பொறுங்கள், ஓடிடியில் வந்துவிடும், காசு கட்டி வீட்டில் நிம்மதியாகப் பாருங்கள் என்றேன். கெட்ட வார்த்தை கேட்டவர் போலப் பின்வாங்கினார். “ஓடிடிக்காரனுக்குக் காசு கட்டுறதா? அது தொழிலுக்கே துரோகம்மா! டொரண்டுல அந்தப் பாவம் கிடையாது. ஒரு பய சம்பாதிக்கல பாருங்க.”

மொத்தத்தில், தாங்கள் யாரென்று உலகத்துக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு, வீட்டுச் சண்டை வரை ஒன்று விடாமல் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.