அத்தை கொடுத்த கிளவுஸ்

டெல்லி துவாரகாவிலிருந்து கல்லூரிக்குப் போகிற மெட்ரோவில், கதவோரம் சாய்ந்துகொண்டு அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. கட்டைவிரல். அம்மாவுடையது அல்ல, அவள் ஓவனுக்குப் போடுகிற கிளவுஸின் கட்டைவிரல். உள்ளே விரலே இல்லாமல், காற்றுப் போன பலூன் மாதிரி தட்டின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது.

போன தீபாவளிக்கு எடுத்த வீடியோ அது. அம்மா ஓவனிலிருந்து தேங்காய் பன் தட்டை வெளியே எடுக்கிறாள். தட்டு சரிகிறது. பன்கள் தரையெல்லாம் உருளுகின்றன. பின்னால் ஒரு சிரிப்பு கேட்கிறது. சிரித்தவரும் எடுத்தவரும் ஒரே ஆள்: என் அத்தை, அப்பாவின் தங்கை. அம்மா குனிந்து பொறுக்கி முடிப்பதற்குள் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. கீழே ஒரு வரி வேறு: "மதினி பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். அடுத்த தீபாவளி பன் எங்க வீட்ல."

டெல்லியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தீபாவளியன்று எங்கள் வீட்டுக்கு வருவது அந்த பன்னுக்காகத்தான். மூட்டுவாதம் வந்து விரல்கள் வீங்கிய பிறகு முறுக்கு பிழிவதை அம்மா விட்டாள், பூரி தேய்ப்பதை விட்டாள். மிச்சம் இருந்தது பன் ஒன்றுதான். அதையும் அத்தை ஒரு வரியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதில் கொடுமை, தட்டை நழுவவிட்ட அந்தக் கிளவுஸே அத்தை ஆசையாகக் கொடுத்த பரிசு.

ஆக, குற்றவாளி அம்மாவின் கை இல்லை. இதை நிரூபித்து, அதே குழுவில் போட்டு, அத்தையைப் பார்க்க வைக்காமல் நான் ஓய்வதில்லை. செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வாரம் முழுக்க கிளவுஸ் பற்றிப் படித்தேன். பழி வாங்குவதில் இவ்வளவு படிப்பு இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பையில் எங்கள் ஓவன் தட்டைப் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு சரோஜினி நகர் போனேன். துணிக்கடைகளைத் தாண்டி ஓரமாகச் சமையல் சாமான் விற்கிற கடை ஒன்று. கடைக்காரர் ஒரு பெரிய பூப்போட்ட கிளவுஸை நீட்டினார்.

"சின்ன கைக்கு வேணும், அண்ணா," என்று ஹிந்தியில் சொன்னேன்.

"ஃப்ரீ சைஸ் ஹை, மேடம். எல்லாருக்கும் வரும்."

ஃப்ரீ சைஸ்! அத்தை கொடுத்ததிலும் அதேதான் எழுதியிருந்தது. அந்த 'எல்லாரிலும்' என் அம்மா எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பையிலிருந்து தட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, மானம் போகுதுட்டி. தட்டை உள்ள வை," என்றாள் அம்மா.

"போன மானத்தை எடுக்கத்தான வந்திருக்கோம். பிடிம்மா."

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். ரப்பர் மாதிரி இருந்த சிலிகான் கிளவுஸ் சூடு தாங்கும், ஆனால் கனம். அதை மடக்கவே அம்மாவின் விரல்களுக்குப் பலம் போதவில்லை. ஐந்து விரல் வைத்தது பார்க்க அழகு. வீங்கிய மூட்டுகளைத் தாண்டி அதை இறக்குவதற்குள் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கழற்றுவது அதைவிடப் பாடு. சூடாக ஏதாவது உள்ளே சிந்தினால் ஒரே உதறலில் கிளவுஸ் கையை விட்டுப் போக வேண்டும். அது நடக்காது என்று கீழே வைத்தேன்.

கடைசியில் கடைக்காரர் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டார். சின்னது. கட்டைவிரல் தனியாக, மற்ற நான்கும் ஒன்றாக. உள்ளங்கையில் மெல்லிய ரப்பர் புள்ளிகள், மணிக்கட்டைத் தாண்டி வருகிற நீளம், அகலமான வாய். அம்மா போட்டாள். நுனிவரை விரல் போயிற்று. தட்டைப் பிடித்தாள், லேசாக அசைத்தாள்.

"மடங்குது," என்றாள். முகத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓவனைச் சூடாக்கி வெறும் தட்டை உள்ளே வைத்தோம். நான் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். அம்மா கிளவுஸை மாட்டினாள். ஓவன் கதவைத் திறக்கும் முன், பக்கத்தில் இருந்த கிண்ணத்துத் தண்ணீரில் கிளவுஸோடு கையை முக்கினாள்.

"அம்மா! என்னம்மா பண்ற?"

"ஏன்? இட்லித் தட்டு எடுக்கும்போது நனைக்க மாட்டோமா? அப்பதான சூடு தெரியாது."

ஓவன் கதவை மறித்து நின்றேன். இட்லிக் கொப்பரை வேறு, ஓவன் வேறு. காய்ந்த துணிதான் சூட்டைத் தடுக்கும். ஈரத் துணி ஓவன் தட்டைத் தொட்ட கணமே தண்ணீர் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும். இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது.

"போன தீபாவளிக்கும் நனைச்சியா?"

"பின்ன? நல்லா முக்கித்தான் எடுத்தேன்," என்றவள் ஈரக் கிளவுஸைக் கழற்றினாள். "சுருக்குனு சுட்டுச்சுட்டி. அதான் விட்டுட்டேன். யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். எல்லாரும் சிரித்தார்கள். என் வழக்கில் பாதி அங்கேயே உடைந்தது. கிளவுஸ் மட்டும் குற்றவாளி இல்லை. ஆனால் கை சுட்டு நின்றவளைப் படம் பிடித்துச் சிரித்தது யார்? அந்தப் பாதி அப்படியே இருக்கிறது. சொல்லப் போனால் இன்னும் கூடிவிட்டது.

"உங்க அத்தையும் நனைச்சுத்தான் எடுப்பா," என்றாள் அம்மா. "அவளும் இட்லி அவிக்கிறவதான."

அந்த நொடி என் தலையில் ஓடியதை அம்மா எப்படியோ பார்த்துவிட்டாள். அத்தை கொடுத்த அந்தப் பெரிய கிளவுஸ், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், "அத்தை, நீங்களே எடுங்களேன்..."

"கிண்ணத்தை எடுத்து உள்ள வை," என்றாள். "கை சுடுறது என்னன்னு எனக்குத் தெரியும். அது வேண்டாம். வேற யோசி."

வேறு யோசித்தாயிற்று. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அத்தையை வரச் சொல்லியிருக்கிறேன். கிண்ணம் அலமாரிக்குள் போய்விடும். புதுக் கிளவுஸ் வெயிலில் காய்ந்து தயாராக இருக்கும். அம்மா ஓவன் கதவைத் திறக்கும்போது என் போனை அத்தை கையில் கொடுப்பேன். "நீங்கதான் நல்லா வீடியோ எடுப்பீங்க, அத்தை" என்பேன். முழுத் தட்டும் மேசைக்கு வந்து சேரும்வரை அவளே எடுக்க வேண்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன். பிறகு அதே குழுவில் அவள் கண்முன்னாலேயே போடுவேன். கீழே என்ன வரி எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை, எழுதியெழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் நாளைக்கு, மாவு வைத்த தட்டோடு முதல் ஒத்திகை. காய்ந்த கையோடு.