சென்னை மேயருக்காகப் பீளமேட்டில் ஒரு மனு

சென்னையின் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகிய மூன்றையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரின் பொறுப்பில் விட வேண்டும் என்று ஒரு மனு எழுதி, இன்று காலை பீளமேட்டு பேக்கரியில் நண்பர்களிடம் நீட்டினேன்.

சென்னையில் தனியாக வசிக்கும் என் மகளின் வீட்டுக்குள் நான்கு நாட்களாகச் சாக்கடை நீர் நிற்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

மில்லில் ஓய்வு பெற்ற நண்பர் மனுவைப் படிக்காமலே சிரித்தார். "ஏனுங்க, அந்த ஊரு மேயருக்கு நாம எதுக்குங்க கையெழுத்துப் போடோணும்? என்ற பங்காளி பையன் அங்கதான் பெரிய ஆபீசருங்க. ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சுதுங்க."

"எனக்கு ஆள் வேண்டாம். கேட்டால் பதில் சொல்லும் நிர்வாகம் வேண்டும்" என்றேன்.

"பேசுங்க பேசுங்க. அம்மணி அங்க சாக்கடையில நிக்குதுங்க."

ஒருவரும் கையெழுத்திடவில்லை. நான் அந்த ஆபீசரின் போன் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் லாரி வந்து மகள் வீட்டு நீரை உறிஞ்சிச் சென்றுவிட்டது. பக்கத்து வீட்டில் அப்படியே நிற்கிறதாம். அவர்களுக்கு யாரையும் தெரியாது.

உங்களில் யாருக்காவது யாரையாவது தெரியுமா?