முறை மாறிப் போச்சு

குத்துச்சண்டையில பல்லு ஒடையாம மாட்டற ரப்பர் அது. எங்க பெரிய பொண்ணு ஞாயித்துக்கெழம வந்தா அத்த கழுவி, கொடியில துணியோட கிளிப்பு போட்டு காய வெப்பா. மொத தபா பாத்தப்போ என் பல்செட்டுன்னு நெனச்சி வாயில வெச்சிட்டேன். வீடே சிரிச்சிது.

அவ மெட்ராசுல மூளை ஆராய்ச்சி பண்ணிகினு இருந்தா. செத்தவங்க மூளைய காகிதமாட்டம் சீவி, கண்ணாடியில வெச்சி பாக்கற வேல. சாயந்திரமானா குத்துச்சண்ட. நான் தறி ஓட்டனவன், எனுக்கு ரெண்டும் புரியாது. "அங்க மூளைய பாக்கற, இங்க மண்டையிலயே வாங்கிகினு வர. இன்னாம்மா இது?"ன்னேன்.

"அங்க நாள் பூரா குனிஞ்சே கெடக்கறேன் நைனா, இங்கதான் நிமிர்றேன்"னா. "மண்டையில அடி ஏறிப்போச்சின்னா ஒண்ணு சொல்லப்போனா ஒண்ணு வரும், வார்த்த மாறும். எனுக்கு ஒரு வார்த்த மாறட்டும், அன்னிக்கே உட்டுடறேன்."

ஆடிக் கிருத்திக அன்னிக்கி. ஆர்.கே.பேட்டையிலருந்து மருமவனும் வந்திருந்தான். எங்க அக்கா பையன்தான் அவன், சின்னதுலருந்தே அவ அவன அத்தான்னு இல்லாம, எங்க வழக்கப்படி பாவான்னுதான் கூப்புடுவா. கூட்டம்னா கூட்டம், காவடிங்க தெருவயே அடச்சிகினு, பால்காரன் வர்றதுக்கே மத்தியானமாயிடுச்சி... அத்த உடு. கொழம்பு ஊத்த வந்தவ என் எலைகிட்ட குனிஞ்சி, "போதுமா பாவா?"ன்னா.

"அடியே, உன் புருஷன் அந்தாண்ட எலைடி! இந்தக் கெழவனயா கட்டிகின?"ன்னா எம் பொண்டாட்டி. மருமவனுக்கு சிரிச்சி சிரிச்சி பொற ஏறிடுச்சி. அவ மட்டும் சிரிக்கல. கரண்டிய புடிச்சிகினே நின்னா.

ரயிலுக்கு கெளம்பறப்ப சொன்னேன், "வார்த்த மாறிடுச்சேம்மா."

"தூக்கமில்ல நைனா, அதான். அடுத்த வாரம் ஒரே ஒரு சண்ட. அதோட சரி."

வேற எவளாச்சும் அவகிட்ட வந்து இப்டி சொல்லியிருந்தா, கையுறைய அங்கயே கழட்டி வாங்கியிருப்பா.

அந்தச் சண்டையில ஜெயிச்சா. ஜெயிச்சிட்டு மேடைய உட்டு எறங்கறப்ப விழுந்தா.

இப்போ எங்ககூடத்தான் இருக்கறா. நடக்கறா, தலைய அவளே வாரிக்கறா. பேரு, மொகம்தான் நிக்க மாட்டேங்குது. அவகூட வேல செஞ்ச பொண்ணு அப்பப்போ வந்து ஏதாச்சும் கேட்டுப் பாத்து எழுதிகினு போவுது. செத்தவங்கள பாத்தவள இப்போ உயிரோட பாக்கறாங்க. போன தபா என்ன காட்டி, "இவரு யாரு?"ன்னு கேட்டுச்சி. எம் பொண்ணு என் மூஞ்சியயே பாத்துகினு இருந்தா. நைனான்னு வேணாம், பாவான்னாச்சும் சொல்லமாட்டாளான்னு இருந்திச்சி எனுக்கு.

அந்தப் பொண்ணுகிட்ட சாஞ்சி, மெதுவா கேட்டா: "அவரு சாப்ட்டாரா?"

"ஆங், ஆச்சிம்மா"ன்னேன்.