எடை போடாத துணி

சென்னையில், துறைமுகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் சிமெண்ட் ஆலைச் சீருடைக்காகப் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியை இறக்குமதி செய்தார். சதுர மீட்டருக்கு நூற்றெழுபது கிராமைத் தாண்டினால் அது கனத்த துணி. சுங்கத்தில் அதற்குத் தனி வகை எண். நானோ மாதிரித் துண்டை விரலால் தடவிப் பார்த்தே லேசான துணி என்று சுங்கப் படிவத்தில் எழுதிவிட்டேன்.

சுங்க அதிகாரிகள் எடை போட்டார்கள்; நூற்றெழுபதைத் தாண்டியது. சரக்கு துறைமுகத்திலேயே முடங்கியது. ஆலை வேறொருவரிடம் துணி வாங்கிக்கொண்டது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. பெரம்பலூரில் பஸ் மாறி அவர் வீட்டுக்கே போனேன். மனைவி இறந்து, மகன்கள் துபாயில் இருக்க, அவர் அங்கே தனியாக இருந்தார்.

"பாய், தப்பு என்னோடதுங்க. எடை போடாம எழுதிட்டேன்."

அவர் என்னை உள்ளே உட்கார வைத்தார். பிறகு, "இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"கோவம் இருக்கு சார், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெருநாளுக்கு அப்புறம் இந்த வூட்டுப் படி ஏறுனது நீங்கதான். சாப்ட்டுட்டுப் போங்க."

அவரே சோறு போட்டார். மகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகியும் எனக்கு எழ மனமில்லை. சென்னை அறையில் எனக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.