கதண்டின் வாடை: சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பயணம்

போன கார்த்திகையில் மதுரைக்குப் போனது குளவி பார்க்கத்தான். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது வயல்வெளியில் போய் உட்கார்ந்துவிடுவேன் என்பது இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை கூப்பிட்டவள் தேன்மொழி. என்னோடு கல்லூரியில் படித்தவள், இப்போது குளவிகளின் மோப்ப சக்தியை ஆராய்கிறாள். "ஒரே குடும்பத்துக் குளவி ரெண்டு. ஒண்ணுக்குத் தெரியுற வாடை இன்னொண்ணுக்குத் தெரியாது. வந்து பாரு" என்றாள். நல்ல படங்கள் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லை.

திருச்சியிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். தேன்மொழியின் வீடு தல்லாகுளத்தில். அன்று மாலை அவளுடைய ஆய்வுக்கூடத்தில் அந்த வேடிக்கையைக் காட்டினாள். குளவிக்கு மூக்கு என்பது அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்புகள்தான். அதில் ஒன்றை நறுக்கி, இரு முனைகளிலும் மெல்லிய கம்பியைப் பொருத்தி, ஏதாவது ஒரு வாடையை ஊதுகிறாள். வாடை தெரிந்தால் கணினித் திரையில் ஓடும் கோடு துள்ளுகிறது.

முதலில் கதண்டு. கறுத்த உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை, கட்டைவிரல் நீளம். அதன் விஷப்பையிலிருந்து எடுத்த வாடையை அதன் கொம்பிலேயே ஊதியதும் கோடு திரையின் உச்சிக்குப் போய் வந்தது. அடுத்து, காகிதம் போலக் கூடு கட்டும் ஒல்லியான சிவப்புக் குளவி. அதே வாடைக்கு இதன் கோடு லேசாக நடுங்கியதோடு சரி. பிறகு சிவப்புக் குளவிக் கூட்டின் வாடையைக் கதண்டுக்கு ஊதினாள். மறுபடியும் துள்ளல். "அதுக்கு இது சாப்பாட்டு வாடை. இதோட புழுவத் தின்னுதான் அது பிள்ளை வளக்குது" என்றாள்.

கதண்டு கொட்டும்போது விஷத்தோடு அந்த வாடையும் வெளியே வருமாம். கூட்டிலுள்ள மற்ற கதண்டுகளுக்கு அது 'இங்கே இருக்கிறான், வந்து கொட்டு' என்ற அழைப்பு. ஒன்றை அடித்து நசுக்கினாலும் அதே அழைப்புதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்து ஏறினோம். சமயநல்லூர் அரை மணி நேரம். அங்கிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர் போக ஆட்டோதான் வழி. செல்லப்பாண்டி என்ற விவசாயியின் மோட்டார் அறையில் சிவப்புக் குளவிகள் நிறையக் கூடு கட்டியிருந்தன. புரட்டாசியிலேயே அவரிடம் அனுமதி வாங்கிவிட்டதாகத் தேன்மொழி சொன்னாள்.

யார் தோட்டம், என்ன வேலை என்று சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "செல்லப்பாண்டி அண்ணன் தோட்டத்துக்கா? அங்கயா குளவி பாக்கப் போறீங்க?"

"ஏண்ணே?" என்றாள் தேன்மொழி.

"அவரு வீட்டம்மாவக் கதண்டு கொட்டிச் செத்து இன்னும் முப்பதாம் நாள் காரியங்கூட முடியலக்கா."

வண்டியை வேப்பமர நிழலில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னார். வரப்போரப் பனைமரத்தின் கீழே அந்த அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். காற்றில் ஒரு காய்ந்த மட்டை முறிந்து, மேலே இருந்த கதண்டுக் கூட்டில் அடித்துக்கொண்டு விழுந்தது. அலறல் கேட்டுச் செல்லப்பாண்டி ஓடிவந்து, சட்டையைக் கழற்றி அடி அடியென்று அடித்திருக்கிறார். பிறகு அந்தச் சட்டையாலேயே மனைவியின் தலையை மூடிவிட்டு, ஆள் கூப்பிட ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். ஆட்களோடு திரும்பி வருவதற்குள் சட்டை தெரியாதபடி கதண்டு மொய்த்துக் கிடந்ததாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தேன்மொழியின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கும் புரிந்தது, நசுங்கிய கதண்டின் வாடை அந்தச் சட்டையில் இருந்திருக்கும். "திரும்பிப் போயிரலாமா?" என்று கேட்டேன். "இம்புட்டு தூரம் வந்துட்டு துக்கம் கேக்காமப் போனா நல்லாருக்காது" என்றாள்.

செல்லப்பாண்டிக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்திலும் காதிலும் தழும்புகள் இன்னும் கறுத்துக் கிடந்தன. "வாங்க தாயி" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவருடைய மகள் செல்வி தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாட்டைக் காட்டும் சாக்கில் எங்கள் இருவரையும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"கூட்டக் கொளுத்தத் தீயணைப்பு வண்டில வந்தவரு எங்கிட்ட சொன்னாருக்கா, செத்த கதண்டு வாடைக்குத்தான் மத்ததெல்லாம் வரும்னு. அப்பாவுக்குத் தெரியாது. நீங்க படிச்சவுக, ஒங்ககிட்ட ஏதாச்சும் கேப்பாரு. சொல்லிராதீங்க."

"சொல்லலம்மா" என்றாள் தேன்மொழி.

திரும்பி வந்தபோது செல்லப்பாண்டி ஒரு கம்பின் நுனியில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் அறைக் கூடுகளைக் கொளுத்தப் போகிறாராம். "இனி மோட்டார் போட எம்மகதான் வரணும்" என்றார்.

"அண்ணே, அது வேற, இது வேற. இதுக ஆளத் தேடி வராது."

"எல்லாம் குளவிதானே தாயி?"

அந்தக் கூடுகளைக் காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பனைமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கூடு இருந்த இடம் கரிந்து கிடந்தது. சுற்றிலும் வேறு கதண்டு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பையிலிருந்து, நேற்று ஊதிய வாடை இருந்த சின்னக் குப்பியை எடுத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு சொட்டு. அதை நீளக் குச்சியில் செருகி, மோட்டார் அறை உத்தரத்தில் தொங்கிய கூட்டின் அருகே நீட்டினாள். சிவப்புக் குளவிகள் இறக்கையை ஒருமுறை விரித்தன, மடக்கின. ஒன்றுகூட எழும்பவில்லை.

"பாத்தீங்களாண்ணே? இது கதண்டோட விஷ வாடை. இதுகளுக்கு ஒரைக்கவே இல்ல."

செல்லப்பாண்டி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதண்டுக்கு ஒரைக்குமா?"

தேன்மொழி குச்சியை இறக்கினாள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"சொல்லு தாயி. இந்த வாடைக்குக் கதண்டு வருமா?"

"வரும்ணே."

"அடிச்சுக் கொன்ன சட்டைல இந்த வாடை ஒட்டியிருக்குமா?"

தேன்மொழி காகிதத்தைக் குச்சியிலிருந்து உருவி மடித்தாள். பிறகு, "இருக்கும்ணே" என்றாள்.

அவர் அறையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மூடாம விட்டுருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியலண்ணே. ஏற்கெனவே நெறையாக் கொட்டியிருக்கும். சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது."

"அவ கையால அதை எடுக்கப் பாத்தா. நாந்தான் எடுக்காதடின்னு அமுக்கிவிட்டேன்." அதைச் செல்வியும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறாள் போலிருந்தது. வந்து அவர் தோளில் கைவைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்தார். டீசல் டப்பாவில் துணியை முக்கிப் பற்றவைத்தார்.

"அண்ணே, இதுக ஒண்ணும் செய்யலயே" என்றாள் தேன்மொழி.

"தெரியுது தாயி" என்று சொல்லிக்கொண்டே கொளுத்தினார். ஒவ்வொரு கூடாக, அவசரப்படாமல். வெள்ளைப் புழுக்கள் பொரிந்து உதிர்ந்தன. தப்பிய குளவிகள் உத்தரத்தைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. அவர் முகத்துக்கு அருகிலேயே பறந்தும் ஒன்றுகூட அவரைக் கொட்டவில்லை.

ரோடு வரைக்கும் செல்வி எங்களோடு வந்தாள். "பொய் சொல்லியிருக்கலாம்லக்கா? ஒரு வார்த்தை. ஒங்களுக்கு என்ன போகுது?" என்றாள். "இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தேன்மொழி செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

வயல்வெளிகளுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலம் முடியும் மாதங்களில் கதண்டுக் கூடு பெரிதாக இருக்கும். பனை, தென்னை, பொந்துள்ள மரம் என்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள். வாசனைத் திரவியம் பூசாதீர்கள். ஒன்று வந்து சுற்றினால் அடிக்காதீர்கள், மெல்ல விலகுங்கள். கொட்டிவிட்டால் ஓடுங்கள். அறைக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். நசுங்கிய கதண்டு பட்ட துணியை உடம்பிலிருந்து எடுத்துத் தூர எறியுங்கள், அடுத்தவர் மேல் போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வலி குறைந்தாலும் போங்கள். கூட்டைக் கலைக்கத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

சிவப்புக் குளவிகளைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரையைச் சுற்றி எந்தப் பழைய மோட்டார் அறையிலும் பார்க்கலாம். சமயநல்லூரில் இறங்கி நாங்கள் போன ஊர் எதுவென்று விசாரிக்காதீர்கள். அதனால்தான் ஊர்ப்பெயரை எழுதவில்லை, அந்த வீட்டு ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு இனி யாரும் எதையும் விளக்கிச் சொல்லப் போக வேண்டாம்.