வேம்புலி வாத்தியாரின் கால் ஆர்மோனியம்

இதில் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. நடந்தது ஆவடியில், போன மே மாதம், பட்டப்பகலில். பேய் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் வனஜாவிடம் கேட்டுப் பார்க்கலாம். மாங்காடு காமாட்சி மேல் ஆணையாகச் சொல்வாள். சொல்லும்போது வலது கையைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொள்வாள். அந்தக் கைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கு அன்று தூக்கம் இல்லை.

வனஜாவின் கணவர் ரகுநாதன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த மாதத்தோடு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊரான மன்னார்குடிக்குப் போவதற்கு முன், ஆண்டு விழாவில் ஒரு நாடகத்துக்கு வாசித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆர்மோனியம் அவருக்கு மூச்சு மாதிரி. வனஜாவுக்குத்தான் பயம். போன வருடம் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கும்படி எதுவும் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒத்திகை நடக்கும் இடத்துக்கெல்லாம் அவளும் போவாள். ஒரு கையில் மாத்திரை டப்பா, இன்னொரு கையில் ஐஸ் போட்ட தண்ணீர்.

நாடகம் நூறு வருடப் பழசு. பாட்டும் சிரிப்புமாகப் போகிற கல்யாணக் கதை. அதற்கு மெட்டுப் போட்டவர் வேம்புலி வாத்தியார் என்று ஒருவர். அவரை எங்கிருந்தோ தோண்டி எடுத்தவர் மணவாளன். அம்பத்தூர்க்காரர். குழுவின் டைரக்டர், காமெடி நடிகர், டீ வாங்குபவர், எல்லாம் அவரே.

"சாதா ஆளு இல்ல அண்ணி," என்பார். "பூந்தமல்லில வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்துச்சுல்ல? அவன் பேண்டு வாசிக்கறத வேலிக்கு இந்தாண்ட நின்னு கேட்டே மெட்டு கத்துக்கினாரு. அப்பால நாடகக் கம்பெனி. ரங்கூன், கொழும்புன்னு ஒரு ஊரு பாக்கி இல்ல. அழுவாச்சிப் பாட்டு போட ஆயிரம் பேரு இருந்தான். சிரிப்புப் பாட்டுக்கு இவரு ஒருத்தருதான். ஜனம் 'ஒன்ஸ்மோர்'னு கத்தும். கத்துனா மறுக்கவே மாட்டாரு. கால் ஓயற வரைக்கும் வாசிப்பாரு. பேசும்படம் வந்துச்சு, கம்பெனிய மூடிட்டாங்க. மன்சனும் காணாம பூட்டாரு."

"கேட்டா வாசிச்சே ஆகணும். அதான் மேடை மரியாதை," என்றார் ரகுநாதன்.

"மேடைக்கு மரியாதை இருக்கட்டும். உங்க நெஞ்சுக்கு?" என்றாள் வனஜா.

மணவாளன் சிரித்தார். "அண்ணாத்தே நெஞ்சு இரும்பு அண்ணி. உள்ளயே வச்சுக்கினு கீறாரே!"

வாத்தியார் வாசித்த அதே கால் ஆர்மோனியத்தையும் மணவாளன் இரவல் வாங்கி வந்திருந்தார். மாங்காட்டில் வாத்தியாரின் குடும்பம் இன்னும் இருக்கிறது. மேஜை மாதிரி உயரமான பெட்டி. கீழே இரண்டு மிதிகட்டை. இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தால்தான் காற்று ஏறும். மிதிகட்டையில் இரண்டு பாதங்களின் அச்சு குழிந்து கிடந்தது. ரகுநாதன் பாதம் அதில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

வனஜாவுக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றம். நடிகர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மூன்று பேர்தான் பாக்கி. மணி பதினொன்று நாற்பது இருக்கும். மாப்பிள்ளை பாடும் சிரிப்புப் பாட்டை ரகுநாதன் எடுத்தார்.

மாலை போட்டேன் மாமா — அதை
மாற்றிப் போடலாமா?
தாலி கட்டும் நேரத்திலே
தங்கை முகம் பார்க்கலாமா?

நல்ல துள்ளல் மெட்டு. வனஜாவுக்கே கால் தாளம் போட்டது. முடிந்ததும் மணவாளன் கடைசி பெஞ்சுக்கு ஓடினார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஒன்ஸ்மோர்!"

"ஏன் தம்பி இதெல்லாம்? ஒத்திகைதானே?" என்றாள் வனஜா.

"பழகட்டும் அண்ணி. அன்னைக்கு ஜனம் உடாது."

ரகுநாதன் மறுபடியும் வாசித்தார். பாதிப் பாட்டில் மணவாளனுக்குப் போன் வந்தது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பாட்டு முடிந்தது.

"ஒன்ஸ்மோர்!"

பின்னாலிருந்துதான் வந்தது. மணவாளன்தான் என்று நினைத்து வனஜா திரும்பினாள். பெஞ்சுகள் காலியாக இருந்தன. கதவு சாத்தியே இருந்தது.

ரகுநாதன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"யாருங்க கத்தினது?"

"மணவாளன்தான். வேற யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. ஆர்மோனியச் சத்தம் மட்டும். அதற்கு அடியில் வேறொரு சத்தம்... வனஜா காதைக் கூர்மையாக்கினாள்.

டக்... டக்... டக்...

வேர்க்கடலை உடைக்கிற சத்தம். ஒருவர் உடைப்பது போல் இல்லை. ஒரு கூட்டம் உட்கார்ந்து உடைப்பது போல் இருந்தது. எங்கோ நடு வரிசையில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. யாரோ 'ச்சூ... ச்சூ' என்று தட்டிக்கொடுத்தார்கள்.

காலி பெஞ்சுகள்.

"ஒன்ஸ்மோர்!"

இந்தத் தடவை இரண்டு குரல்.

"எழுந்திருங்க. வீட்டுக்குப் போலாம்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

ரகுநாதன் எழவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. கால்கள் மட்டும் ஏறி இறங்கின. வலது... இடது... வலது...

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

பத்துப் பேர். இருபது பேர். விசில் பறந்தது. பெஞ்சைத் தட்டினார்கள். தரை அதிர்ந்தது.

"வனஜா..."

"என்னங்க?"

"நிறுத்த முடியலை."

அவள் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். மரக்கட்டை மாதிரி இருந்தது. அவள் கையையும் சேர்த்து மிதித்தது. விரல் நசுங்கியது. வலி தெரியவில்லை. அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. இழுத்து... இழுத்து...

"மணவாளா!" என்று கத்தினாள். கதவு திறக்கவில்லை.

காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கும்பிட்டாள். "போதும்ங்க! இவர் நோயாளி. உங்க பிள்ளைங்களை நினைச்சு விட்டுடுங்க!"

சிரித்தார்கள்.

அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ஒன்ஸ்மோர்!"

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. உச்சி வெயில். ரகுநாதன் வாய் திறந்து பாடத் தொடங்கினார். அவருக்குப் பாட வராது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தாலாட்டுக்கூடப் பாடியதில்லை. வந்தது அவர் குரல் இல்லை. வயதான, கிழிந்த குரல். அந்தச் சரணமும் அவர்கள் ஒத்திகை பார்த்தது இல்லை.

கூட்டம் கலைஞ்சு போச்சே மாமா — நான்
கூத்தை நிறுத்தலாமா?
காலு ரெண்டும் நோவுதே மாமா — நான்
கண்ணை மூடலாமா?

அதே துள்ளல் மெட்டுதான். ஆனால் ரகுநாதன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வனஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அது வேடிக்கைப் பாட்டு இல்லை. யாரோ கேட்கிறார்கள். உத்தரவு கேட்கிறார்கள்.

பயம் போகவில்லை. ஆனால் பயத்தையும் மீறி அவளுக்குள் ஒரு இரக்கம் எழுந்தது. பாவம். எத்தனை வருடமோ.

ஐஸ் தண்ணீரை நசுங்கிய வலது கையில் ஊற்றிக்கொண்டாள். பின்னால் போய் நின்றாள். அந்த வேர்த்த தோளில் ஈரக் கையை வைத்தாள்.

"போதும் ஐயா," என்றாள். "ரொம்ப நல்லா வாசிச்சீங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்களும் நிறுத்திக்கோங்க."

கால் நின்றது.

பெட்டிக்குள் மிச்சமிருந்த காற்று ஒரே சுரத்தில் நீண்டு... தேய்ந்து... அடங்கியது.

பெஞ்சுகளில் சத்தம் இல்லை.

ரகுநாதன் அவள் மேல் சாய்ந்தார். மூச்சு இருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு மணவாளன் வந்தார். அவர் போனில் மணி பன்னிரண்டு இருபது.

"இன்னா அண்ணி, நான் அந்தாண்ட போனதும் நிறுத்திட்டீங்களா? வாசிக்கற சத்தமே இல்லியே?"

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ரகுநாதனுக்கு எதுவும் நினைவில் இல்லை. வெயில், மயக்கம், அவ்வளவுதான் என்றார். வனஜாவும் விட்டுவிட்டாள். காமாட்சிக்கு ஒரு எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டாள்.

நாடகத்தை அவர்கள் கைவிட்டார்கள். ஆனால் இரவல் வாங்கிய பொருளை வெறுங்கையோடு திருப்பித் தருவது முறையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பழம், பூ, வெற்றிலைத் தட்டோடு வனஜா மாங்காட்டுக்குப் போனாள். ஆர்மோனியத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மணவாளன் முன்னால் போனார்.

வாத்தியாரின் கொள்ளுப்பேத்தி அன்னம்மாள் கதவைத் திறந்தாள். கூடத்தில் ஒரு பெரியவரின் படம். மாலை இன்னும் வாடவில்லை. அகல் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? பெட்டி எடுக்க வந்தப்போ உள்ளார படுத்துக்கினு இருந்தாரே!" என்றார் மணவாளன்.

"எங்க நைனாதான். போன ஞாயித்துக்கிழமை பூட்டாரு." அன்னம்மாள் வனஜாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நல்ல சாவுக்கா. அழப்படாது. பதினோரு வருசமா படுக்க. கால் ரெண்டும் நிக்கவே நிக்காது. ராத்திரி பகல் தெரியாம மிதிச்சுக்கினே இருக்கும். தூக்கம் கெடையாது. எங்க பாட்டனுக்கும் இதே சீக்குதானாம். மெட்டு போட்டாரே வாத்தியாரு, அவருக்கும் இதேதானாம். அவரு காலை பாடையில கட்டித்தான் எத்துக்கினு போனாங்களாம். அப்பவும் தெருவுல எவனோ ஒன்ஸ்மோர்னு கிண்டல் பண்ணானாம். இன்னா ஜென்மமோ."

வனஜா தட்டைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை... எத்தனை மணிக்கும்மா?"

"உச்சி. அம்மன் கோயில்ல மணியடிச்சு ஓஞ்ச நேரம். டக்குனு கால் நின்னுச்சு. நான் கஞ்சி ஆத்திக்கினு இருந்தேன், ஓடியாந்தேன். நைனா சிரிக்கறாரு! 'போதும்னு சொல்லிட்டாங்க அன்னம்'னாரு. யாரு நைனான்னேன். 'பின்னாடி நிக்கறாளே ஒரு பொம்பள, அவதான்'னாரு. கண்ண மூடினாரு. அவ்ளோதான்."

அன்னம்மாள் படத்தின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"குளிப்பாட்ட சட்டைய கழட்னேங்க்கா. தோள்ல ஒரு கை அச்சு. பொம்பள கை. சில்லுனு, ஈரமா இருந்துச்சு. எத்தினி தபா தொடச்சேன்... அது காயவே இல்ல."